உப்பின் மூச்சு

உப்பின் குரல் உதிர்ந்த புதன்கிழமை காலை எங்கள் விடுதியில் புட்டும் பயறும், புட்டு என்றால் ஒருத்தியும் எட்டு மணிக்கு முன்னால் சாப்பாட்டுக் கூடத்தை விட்டு நகரமாட்டாள், அதனால்தான் இருநூறு பேரும் ஒன்றாகக் கேட்டோம்: மெஸ்ஸில் கரண்டி பிடிக்கும் பேச்சித்தாய் அக்கா, வரிசையை முந்தி வந்த ஒரு பெண்ணைப் பார்த்து "ஏ பிள்ள, தள்ளி நில்லு" என்று அதட்டியபோது, "நில்லு" என்ற அந்த ஒரு சொல் மட்டும் உப்பின் குரலில் வந்தது, ஓரத்தில் லேசாகக் கரகரத்து நடுவில் பித்தளைபோல் பளபளக்கிற அதே குரலில் வந்து, கூரை விசிறியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடங்கியது. வரிசை அப்படியே நின்றது. அக்கா கரண்டியை ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். பிறகு "புட்டு ஆறுது, வாங்கிட்டுப் போங்கட்டி" என்றாள் தன் சொந்தக் குரலில். நாங்களும் வாங்கிக்கொண்டு போனோம்.

உப்பு யாரென்று தெரியாத ஒருவர் இந்தப் பக்கம் இருப்பாரென்று நான் நம்பவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். தூத்துக்குடி உப்பளத்தில் தலையில் உப்புப் பெட்டி சுமந்த மாரிக்கனி என்கிற பெண், மூன்று வருஷத்துக்கு முன்னால், உப்பு அம்பாரத்துக்குப் பக்கத்தில் நின்று, யாரோ பிடித்த கைபேசிக்கு முன்னால், "வெயிலே வெயிலே, கொஞ்சம் விலகி நில்லு, எங்கம்மா நடந்து வாரா" என்று பாடினாள். அவ்வளவுதான். அடுத்த மழைக்குள் அவள் சென்னையில் இருந்தாள், அவளுக்கு உப்பு என்று பெயர் இருந்தது, அவள் ரசிகர்களுக்குக் கல்லுப்பு என்று பெயர் இருந்தது, அவளைப் பிடிக்காதவர்களுக்குச் சீனி என்று கல்லுப்புகளே ஒரு பெயரையும் வைத்திருந்தார்கள். கல்லுப்புகள் அவள் பாட்டை ஒருநாளும் முழுதாகக் கேட்பதில்லை. அரை வரியாக, கால் வரியாக, ஒற்றைச் சொல்லாக வெட்டி, காலை வணக்கத்துக்கு ஒரு துண்டு, காதலனைத் திட்ட ஒரு துண்டு, பூனைக்குட்டி தூங்குவதற்கு ஒரு துண்டு என்று நாள் முழுக்க ஒட்டிக்கொண்டிருப்பார்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பின்னால் வெட்டியவள் நான் மட்டும்தான் என்பதுபோல் பேசினார்கள்.

அந்தப் புதன்கிழமை, வெட்டியவர்கள் அத்தனை பேர் தொண்டைக்கும் ஆளுக்கொரு சொல்லாகப் போய்ச் சேர்ந்துவிட்டது அவள் குரல். பேச்சித்தாய் அக்கா தன் பேரனைத் தூங்கவைக்க வெட்டியது "நில்லு". என் அறைத்தோழி ஜெனிட்டாவுக்கு வந்தது "அம்மா". கோவில்பட்டி பேருந்தில் நடத்துநராக இருக்கும் ஒருவருக்கு "கொஞ்சம்". அவர் "கொஞ்சம் உள்ள போங்க" என்றால் படிக்கட்டில் தொங்குகிற கல்லூரி மாணவர்கள்கூட கோயிலுக்குள் போவதுபோல் உள்ளே போனார்கள். சாயங்காலம் உப்பு ஒரு வீடியோ போட்டாள். வாயைத் திறந்தாள், ஒன்றும் வரவில்லை. சிரித்தாள், சிரிப்புக்கும் சத்தமில்லை. ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: "உங்ககிட்டதான் இருக்கு. பத்திரமா வச்சுக்கோங்க. யாரும் பயப்பட வேண்டாம்."

எனக்கு அப்போதே கோபம் வந்தது. குரலைப் பறிகொடுத்தவள் எதற்காகப் பறித்தவர்களைத் தேற்ற வேண்டும்? ஆனால் ஊர் அந்தத் தாளை அப்படியே எடுத்துக்கொண்டது, ஊருக்கு ஒன்று பழக மூன்று நாள் போதும். நான்காம் நாள், நான்கு சொல் கிடைத்த நான்கு உடன்பிறப்புகள் வரிசையாக நின்று ஒரு வரியை முழுசாகப் பாடுகிறார்கள் என்று சாத்தான்குளத்தில் கூட்டம் கூடியது. பெண் பார்க்கப் போனவர்கள் "பிள்ளைக்கு எந்தச் சொல்லு?" என்று கேட்டார்கள். "போ" கிடைத்த ஒரு மாமியார், மருமகளைத் திட்ட வாயெடுத்தால் தாலாட்டாக வருகிறது என்று மருத்துவரிடம் போனார், மருத்துவருக்கு வந்திருந்தது "வா", இருவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். இணையத்தில் யாருடைய சொல் அசல், யாருடையது போலி என்று சண்டை நடந்தது, பிறகு சண்டை போடுகிறவர்களுக்கும் ஆளுக்கொரு சொல் இருந்ததால், திட்டுகிற வசையின் நடுவே தேன் சொட்டியதுபோல் ஒரு சொல் விழ, திட்டியவரே நிறுத்திக் கேட்க, பல சண்டைகள் பாதியில் நின்றன.

"உனக்கு என்னட்டி வந்துச்சு?" என்று ஜெனிட்டா கேட்டாள்.

"எனக்கு ஒண்ணும் வரல."

"வராது. நீ அவளப் பேசுன பேச்சுக்கு அவ செருமல்கூட உனக்கு வராது."

எனக்கு வந்திருந்தது. சொல் வரவில்லை. சொல்லுக்கு முன்னால் வருவது வந்திருந்தது.

இதை நான் ஒழுங்காக வாதாட வேண்டும். என் பெயர் சுடர்விழி, முதுகலை இரண்டாமாண்டு, எனக்குப் பொய் பிடிக்காது. ஆறு மாதத்துக்கு முன்னால் உப்பு மதுரையில் மேடையேறினாள், நுழைவுச்சீட்டுக்குப் பிள்ளைகள் கம்மலை அடகு வைத்தார்கள், அந்த நிகழ்ச்சியில் அவள் பாடவில்லை, ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயசைத்தாள் என்று நான் நிரூபித்தேன். "வெயிலே" தொடங்குவதற்கு முன்னால் அவள் ஒரு மூச்சு இழுப்பாள். பதிவிலும் அந்த மூச்சு உண்டு, மேடையிலும் உண்டு. இரண்டையும் வெட்டி எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அலைவரியை வைத்துக் காட்டினேன், நூலிழை மாறவில்லை. உயிருள்ள மனுஷி இரண்டு தடவை ஒரே மாதிரி மூச்சு விடுவாளா? வீடியோவுக்கு "ஆதாரம்" என்று பெயர் வைத்தேன். நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நான் கேட்டது ஒரு பதில். கிடைத்தது ஒரு கேலிக்கூத்து. அந்த மூச்சை எடுத்து மிதிவண்டிக்குக் காற்றடிக்கிற பம்போடு சேர்த்தார்கள், குக்கரோடு சேர்த்தார்கள், கன்று போடுகிற மாட்டோடு சேர்த்தார்கள். சேலத்தில் அவள் மேடையேறியபோது பத்தாயிரம் பேர் அவளுக்கு முன்பாகவே ஒன்றாக மூச்சிழுத்துச் சிரித்தார்கள். அவள் மைக்கை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த புதன்கிழமை குரல் உதிர்ந்தது.

அந்த மூச்சுதான் என்னிடம் இருந்தது. நான் எதைப் பேசத் தொடங்கினாலும் முதல் சொல்லுக்கு முன்னால், கிணற்றின் அடியாழத்திலிருந்து வாளி ஏறுவதுபோல் அது ஏறும், அறை அடங்கும். எதற்காக அடங்குகிறோம் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் சொற்களை வெட்டிய கல்லுப்புகள் எல்லோரும் மூச்சை இரைச்சல் என்று கழித்துத்தான் வெட்டினார்கள்; கேலிக்காரர்கள் கேட்டதும் பம்போடும் மாட்டோடும் கலந்ததைத்தான், என் வீடியோவிலும் எல்லோர் கண்ணும் அலைவரியின்மேல்தான் இருந்தது. தனியே அதை யாருக்கும் அடையாளம் தெரியாது, ஆனால் அது வந்தால் ஒரு பாட்டு வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரியும்.

எங்கள் துறையில் பேராசிரியர் குலசேகரன் என்று ஒருவர். மூன்று பருவமாக நான் கருத்தரங்கில் எழுந்து வாயைத் திறந்தால், மூன்றாவது சொல்லில், "அதாவது இந்தப் பொண்ணு சொல்ல வர்றது என்னன்னா" என்று குறுக்கே வந்து, நான் சொல்ல வராத ஒன்றைச் சொல்லி, அதற்கு அவரே பாராட்டும் வாங்கிக்கொள்வார். அந்த வியாழக்கிழமை நான் எழுந்தேன். மூச்சு ஏறியது. குலசேகரன் பேனாவைக் கீழே வைத்தார். பதினான்கு நிமிஷம் பேசினேன், ஒருவர்கூட இருமவில்லை. என் வாழ்க்கையில் முதன்முறையாக, நான் தொடங்குவதற்கு முன்பே ஓர் அறை எனக்காகக் காத்திருந்தது. வீட்டில் அப்பாகூடச் செய்தித்தாளை மடித்தார். மாநிலப் பேச்சுப்போட்டியில் முதல் பரிசு. சொல்லுங்கள், இதை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? பெண்ணாகப் பிறந்து பேச ஆசைப்பட்ட எவளாவது கொடுப்பாளா? என்னிடம் வாதம் தயாராக இருந்தது: அவளே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

அந்த வாதம் ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் காலை, ஜெனிட்டா கட்டிலில் உட்கார்ந்து கைபேசியைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள்.

"என்னட்டி?"

"உப்பு ஊருக்குத் திரும்பி வந்துட்டாளாம். அவங்க அம்மாவுக்கு அவளத் தெரியலயாம்."

உப்பின் அம்மா சண்முகக்கனி முப்பது வருஷம் அளத்தில் உப்பு வாரியவர். வெள்ளை உப்பில் பட்டுத் திரும்புகிற வெயிலைப் பார்த்துப் பார்த்துக் கண் பாலாகிவிட்டது, இப்போது வெளிச்சமும் நிழலும் மட்டும்தான். மகள் வந்து முன்னால் நின்றாள். "யாரு?" என்றார் அம்மா. மகள் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையைத் தடவிப் பார்த்து, "இது அளத்துப் பிள்ள கை இல்லியே, பஞ்சாட்டம் இருக்கு, யாருட்டி நீ?" என்றார். சென்னையில் மூன்று வருஷம் களிம்பு போட்டு வெடிப்பெல்லாம் ஆறிய கை அது. பக்கத்து வீட்டுக்காரர்கள், "இதுதான் உம் மவ" என்று சொன்னார்கள். "எம் மவ வந்தா யம்மான்னு கூப்பிடாம மரமாட்டமா நிப்பா?" என்றார். அதைவிடக் கொடுமை, பால்காரருக்கு "நடந்து" வந்திருந்தது, மீன்காரம்மாவுக்கு "வாரா" வந்திருந்தது, இவர்கள் வாசலில் வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த அம்மா சுவரைத் தடவித் தடவி ஓடி வந்து, "வந்துட்டியாட்டி?" என்று பால்காரரின் முகத்தைப் பிடித்துப் பார்த்தார். வீட்டுக்குள் மகள் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். சாப்பிட்டுவிட்டு, "நல்லாப் பொங்குற, யம்மா, யாரு பெத்த பிள்ளையோ. உம் பேரு சொல்லாமப் போறியே" என்று அம்மா அவளுக்கு நன்றி சொன்னார்.

இதைப் பக்கத்து வீட்டுப் பெண் எழுதிப் போட்டாள். அன்று மத்தியானத்துக்குள் கல்லுப்புகள் முடிவெடுத்துவிட்டார்கள்: ஆளாளுக்கு வந்த சொல்லை ஞாயிற்றுக்கிழமை அளத்தில் கூடி அவளிடமே திருப்பிக் கொடுப்பது.

கோவில்பட்டி நடத்துநர்தான் முதலில் போனவர். சீருடையோடு போய், அவள் காதோரம் குனிந்து "கொஞ்சம்" என்றார். சொல் போய்விட்டது, திரும்பிச் சொல்லிப் பார்த்தால் நடத்துநரின் "கொஞ்சம்"தான் வந்தது. உப்பு தொண்டையைத் தொட்டுத் தலையசைத்தாள், வந்து சேர்ந்துவிட்டது என்று. ஆனால் சத்தம் வரவில்லை. "எல்லாத் துண்டும் வந்தாத்தான் கோப்பு திறக்கும்" என்று எங்கள் விடுதிக் கணினித்துறைப் பெண்கள் விளக்கினார்கள், எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அளத்துக்குப் போனோம், எங்கள் விடுதியிலிருந்து மட்டும் மூன்று வேன். நான் எதற்கு வருகிறேன் என்று ஜெனிட்டா கேட்கவில்லை. பாத்திகளுக்கு நடுவே வரப்பில் வரப்பாக மனிதர்கள், தலையில் துண்டும் துப்பட்டாவும், வெயில் கீழிருந்தும் மேலிருந்தும் அடித்தது. பாட்டு வரிசைப்படிதான் சொற்கள் போக வேண்டும் என்று கல்லுப்புகள் சட்டம் போட்டு, "வெயிலே"யெல்லாம் முன்னால் வாங்க, "விலகி" எங்கப்பா, "விலகி" என்று கூவி ஒழுங்குபடுத்தினார்கள். அளத்துப் பெண்கள் மோர் ஊற்றினார்கள். தோஹாவில் இருந்த ஒருவர் கைபேசியில் அழைத்து நேராகக் காதில் சொன்னார், போனது. பதிவு செய்து அனுப்பியது போகவில்லை. அழுதுகொண்டே சொன்னவர்கள் உண்டு, சொல்லிவிட்டுத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தவர்கள் உண்டு. பேச்சித்தாய் அக்கா "நில்லு" என்று சொல்லிவிட்டு, "பேரன் இனி எப்படித் தூங்குவானோ" என்று முணுமுணுத்து, உப்பின் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியோரம் விரலைச் சொடுக்கினாள். கடைசிக்குச் சற்று முன் ஜெனிட்டா போனாள். அவள் அம்மா முந்திரி ஆலையில் வேலை செய்பவர். பத்து நாளாக மகள் போனில் "அம்மா" என்றதும் வேலையை நிறுத்திவிட்டு, "இன்னொருக்கா சொல்லு மக்கா" என்று கேட்டுக்கொண்டிருந்தவர். ஜெனிட்டா கண்ணை மூடிக்கொண்டு, "அம்மா" என்று சொல்லித் தந்துவிட்டு வந்தாள்.

எல்லாச் சொல்லும் சேர்ந்தது. உப்பு எழுந்து நின்றாள். ஓலைக் கொட்டகை நிழலில் கவிழ்த்த பெட்டியின்மேல் அவள் அம்மா உட்கார்ந்திருந்தார், இத்தனை கூட்டம் எதற்கென்று கேட்டுக்கொண்டு. உப்பு வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி திறந்தாள். அத்தனை சொல்லும் உள்ளே முட்டுவது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. பட்டியலை எடுத்துச் சரிபார்த்தார்கள். வரிகள் சரி, சொற்கள் சரி, ஒரு "உம்" கூடக் குறையவில்லை. "எதுவோ ஒண்ணு வெளிய நிக்கி" என்றாள் கணினித்துறைப் பெண். உப்பு தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "அந்தப் பொங்கிப் போடுற பிள்ள எங்க, கொஞ்சம் தண்ணி தரச் சொல்லு" என்றார் பொதுவாக.

ஜெனிட்டா என் பக்கம் திரும்பினாள். "நான் உன் கூட ஒரே அறையில படுக்கேன்" என்றாள் மெதுவாக. "எனக்கு முதல் நாளே தெரியும். நீயாச் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

வரப்பில் நடந்தேன். அதைவிட நீளமான வரப்பு உலகத்தில் இருக்காது. உப்பின் முன்னால் நின்று, "'ஆதாரம்' போட்டது நான்தான்" என்றேன். அதைச் சொல்வதற்கு முன்னாலும் அந்த மூச்சு ஏறியது, அப்போதுதான் அத்தனை பேருக்கும் அது என்னவென்று விளங்கியது. "சீனி!" என்று யாரோ கத்தினார். "பத்து நாளா வச்சுக்கிட்டா இருந்த?" என்று ஒரு குரல். உப்பு கையை உயர்த்தினாள், அடங்கினார்கள். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள், கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, நாற்பது லட்சம் பேர் முன்னால் தன்னைக் கேள்வி கேட்ட ஒருத்தியைக் கடைசியில் நேரில் பார்ப்பதுபோல் இருந்தது. பிறகு தலையைச் சாய்த்துக் காதைக் கொடுத்தாள்.

மூச்சு இழுத்தேன். அது போனது. இருட்டில் படி இருக்கிறதென்று கால் வைத்து இல்லாமல் போவதுபோல் நெஞ்சில் ஓர் இடம் காலியானது.

உப்பு நிமிர்ந்தாள். மூச்சை இழுத்தாள். இன்னும் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. வெறும் மூச்சு.

"ஏட்டி மாரிக்கனி!" என்றார் கொட்டகையிலிருந்து அந்த அம்மா, பெட்டியிலிருந்து எழுந்தே விட்டார். "எப்பட்டி வந்த? வந்தவ வாய்ல என்ன கொழுக்கட்டையா? நாலஞ்சு நாளா யாரோ ஊரான் வீட்டுப் பிள்ள வந்து எனக்குப் பொங்கிப் போடுது, நீ எங்கட்டி போய்த் தொலஞ்ச?"

"அம்மா" என்றாள் உப்பு.

அவர்கள் இருவரும் கட்டிக்கொண்டு நின்றதை நான் எழுதப்போவதில்லை, அது அவர்களுடையது, ஏற்கனவே நாம் அவர்களுடையதில் நிறைய வெட்டி எடுத்துவிட்டோம். ஆனால் எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, என் புத்தி அப்படி. "அம்மா, ஒரு சொல்லும் பேசலியே, எப்படித் தெரிஞ்சுது?" என்றேன்.

"பெட்டி தூக்குற மூச்சுல்லா அது" என்றார், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. "பதினோரு வயசுல எம் பின்னால சுமக்க வந்தா. தலையில ஏத்துறதுக்கு முன்னால ஒரு மூச்சு இழுப்பா பாரு, அன்னைக்கு இழுத்ததுதான் இன்னைக்கும். கூடாது, குறையாது. மூச்சு மாறினா சுமை சரிஞ்சிரும். ஒருநாளும் எம் மவ பெட்டி சரிஞ்சதில்ல."

வெயில் கீழிருந்து என் முகத்தில் அடித்தது. நூலிழை மாறாத அலைவரி, ஒன்றன்மேல் ஒன்று. உயிருள்ள மனுஷி இரண்டு தடவை ஒரே மாதிரி மூச்சு விடுவாளா என்று நாற்பது லட்சம் பேரிடம் கேட்டிருந்தேன். ஆயிரம் தடவை, பதினாயிரம் தடவை ஒரே மாதிரி விட்டிருக்கிறாள், தலைமேல் சுமையோடு. மதுரையில் அவள் பாடித்தான் இருக்கிறாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எனக்கு முன்னால் எதுவும் ஏறவில்லை, எதுவும் அடங்கவில்லை. கூட்டம் கசகசவென்று பேசிக்கொண்டிருந்தது, யாரோ வேனுக்கு ஆள் கூப்பிட்டார், யாரோ மோர் கேட்டார், என் முதல் சொல் அந்த இரைச்சலில் எங்கோ விழுந்தது. இனி இப்படித்தான். திங்கட்கிழமை குலசேகரன் இருப்பார்.

உப்பு அம்மாவின் தோளிலிருந்து முகத்தை எடுத்தாள். ஒரு கையால் அம்மாவைப் பிடித்தபடியே, மறுகையைக் கூட்டத்தை நோக்கி நீட்டி, அந்த மூச்சை இழுத்தாள். வரப்புகள் எல்லாம் அடங்கின. பாடப்போகிறாள் என்று நினைத்து ஆயிரம் கைபேசிகள் உயர்ந்தன.

அவள் பாடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ ஏதோ சொல்ல வந்தியே, பிள்ள" என்றாள். "சொல்லு. கேக்கேன்."